பதினாறு இதழும் எட்டு ஜோடி நரம்பும்

தொண்டையில் இருப்பதாக யோக நூல்கள் சொல்லும் விசுத்திச் சக்கரம் வேறொன்றுமில்லை, கழுத்து நரம்புகளின் பின்னல்தான் என்று ஒரு விளக்கம் சென்னையில் நூறு வருஷத்துக்கும் மேலாகப் புழங்கிவருகிறது. யோகா வகுப்புகளில் சொல்கிறார்கள், ஆன்மிக மலர்களில் எழுதுகிறார்கள், முதுகெலும்புப் படத்தின் மேல் வரிசையாகத் தாமரைகளை வைத்து அட்டைப்படம் போடுகிறார்கள். கேட்பவருக்கு இரட்டைச் சந்தோஷம். முன்னோர் சொன்னதும் பொய்யில்லை, விஞ்ஞானமும் அதையே சொல்கிறது என்று ஆறுதல். இந்த விளக்கம் வளர்ந்த இடங்களில் முக்கியமான மூன்று, ஒரே டவுன் பஸ் தூரத்துக்குள் அடங்கிவிடும்: அடையாற்றின் தென்கரையில் தியசாபிகல் சொசைட்டி, மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மடம், தி. நகர் தணிகாசலம் சாலையில் தந்திர நூல்களை ஆங்கிலத்தில் அச்சிட்டு உலகமெங்கும் அனுப்பிய கணேஷ் அண்டு கம்பெனி. ஆகவே, உள்ளூர்ச் சரக்கை உள்ளூரிலேயே உரைத்துப் பார்ப்பது நியாயம். உரைத்துப் பார்த்தால், இந்த விளக்கம் உடற்கூறியலோடும் ஒட்டவில்லை, யோக நூல்களோடும் ஒட்டவில்லை என்று தெரிகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சக்கரத்தை நரம்பாக்கினால் நரம்பியலுக்கு ஒரு குறையும் வராது, நஷ்டமெல்லாம் பக்திக்குத்தான்.

முதலில் கதையின் வரிசை. 1882 டிசம்பரில் அடையாற்றுக்குக் குடிவந்த தியசாபிகல் சொசைட்டியின் மாத இதழ் ‘தியாசபிஸ்ட்’. அதில் 1888-இல் பாமன் தாஸ் பாசு தந்திரங்களின் உடற்கூறு பற்றி எழுதினார். பின்னாளில் இந்திய மருத்துவப் பணியில் மேஜர் ஆனவர். தந்திர நூல்கள் சொல்லும் பத்மங்களும் நாடிகளும் நரம்பு மண்டலத்தின் வர்ணனையே என்பது அவர் கட்சி. விவேகானந்தரின் ‘ராஜயோகம்’ 1896-இல் வந்தது. முதுகுத்தண்டை மையமாகக் கொண்ட நரம்புப் பின்னல்களை யோகியின் தாமரைகளாகக் கொள்ளலாம் என்று அவரும் சொல்லிவைத்தார். 1915-இல் பிரஜேந்திரநாத் சீல், பண்டை இந்துக்களின் அறிவியல் பற்றிய தம் நூலில், தொண்டைச் சக்கரத்தைத் தண்டுவடம் மூளையின் அடித்தண்டைத் தொடும் சந்திப்பில் கொண்டுபோய் வைத்தார். கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி ஜான் உட்ராஃப் 1919-இல் எழுதிய குண்டலினி நூல் லண்டனில் முதல் பதிப்புக் கண்டு, பிற்பாடு கணேஷ் கம்பெனி வழியாக மதராஸ் புத்தகமாகவே ஆகிவிட்டது. 1927-இல் இரண்டு நூல்கள் வந்தன. அடையாற்றிலிருந்து லெட்பீட்டரின் ‘சக்கரங்கள்’. பம்பாயிலிருந்து டாக்டர் வசந்த் ரேலேயின் குண்டலினி ஆராய்ச்சி. லெட்பீட்டர் பட்டியலே போட்டுத் தந்தார். தொண்டைச் சக்கரத்துக்கு நேராக மூன்றாம் கழுத்து நரம்பையும் தொண்டைக்குழி நரம்புப் பின்னலையும் எழுதினார். ரேலே ஒரு படி மேலே போய்க் குண்டலினி என்பதே வலப்பக்கத்து வேகஸ் நரம்புதான் என்றார். அந்த நூலுக்கு முன்னுரை தந்த உட்ராஃபுக்கே அதில் சம்மதமில்லை என்பது வேடிக்கை. சூட்சுமமாகச் சொல்லப்பட்டதை ஸ்தூலமான நரம்போடு ஒன்றாக்கக்கூடாது என்று அவர் தம் நூலிலேயே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது.

இனி கழுத்தில் இருப்பதைப் பார்ப்போம். தலையை ஒரு பக்கம் திருப்பினால், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு தடித்த தசை புடைத்துத் தெரியும். அதன் பின் விளிம்பில், ஏறத்தாழ நடுவில், விரல் நுனி அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. தோலையும் அதனடியில் மெல்லிய தாள்போல ஒட்டியிருக்கும் தசையையும் விலக்கினால், அந்த ஒரே இடத்திலிருந்து நான்கு தோல் நரம்புகள் விசிறிபோலப் பிரிவதைக் காணலாம். ஒன்று காதின் பின்புறமாகத் தலைக்கு ஏறும். ஒன்று நேராக மேலேறிக் காது மடலுக்கும் தாடைக் கோணத்துக்கும் போகும். ஒன்று குறுக்காக முன்கழுத்துக்குத் திரும்பும். மற்றொன்று இறங்கிக் காறை எலும்பைத் தாண்டி மார்பின் மேல்புறம் பரவும். கழுத்துப் பின்னல் எனப்படுவது இவற்றின் வேர். முதல் நான்கு கழுத்து நரம்புகளின் முன்கிளைகள் சேர்ந்து அதை முடைகின்றன. குரல்வளையைக் கீழே இழுக்கும் பட்டைத் தசைகளுக்கு நரம்பு தரும் ஒரு கண்ணியும் இதைச் சேர்ந்ததுதான். ஐந்து முதல் எட்டு வரையிலான நரம்புகள், நெஞ்சின் முதல் நரம்போடு சேர்ந்து, கைக்குப் போகின்றன. கழுத்து எலும்புகள் ஏழு, நரம்புகள் எட்டு ஜோடி. முதலாவது முதல் எலும்புக்கு மேலேயும் எட்டாவது ஏழாம் எலும்புக்குக் கீழேயும் வெளிவருவதால் இந்தக் கணக்கு. இவை போதாதென்று மண்டையோட்டிலிருந்து நேரே இறங்கும் நரம்புகள் வேறு. வேகஸ், நாக்குக்குப் போவது, தோளைத் தூக்க உதவுவது என்று பல. முதுகெலும்பின் இருபுறமும் பரிவு நரம்புச் சங்கிலி வேறு ஓடுகிறது. கழுத்தில் மையம் என்று ஒன்றைச் சுட்ட வழியில்லை. வெவ்வேறு ஊருக்குப் போகும் பாதைகள் நெருக்கியடித்துக்கொண்டு கடக்கும் குறுகலான இடம் அது.

அந்தப் பாதைகள் ஏன் அப்படிப் போகின்றன என்று கேட்டால், உடற்கூறியல் சொல்லும் பதில் ஒரு வரலாறு. மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானம் வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் அதை அசைக்கும் ஃப்ரெனிக் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகளிலிருந்து புறப்பட்டு, கழுத்தின் ஆழத்தில் ஒரு தசையின் முன்புறமாக ஏறத்தாழ நேர்க்கோட்டில் இறங்கி, இதயத்தின் ஓரமாகச் சென்று சேர்கிறது. கருவில் உதரவிதானத்தின் முதல் பொருள் கழுத்தருகே உருவாகி, பிறகு கீழிறங்குகிறது. போகும்போது நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. குரல்வளை நரம்பின் கதை இதைவிட விசித்திரம். இடப்பக்கத்து வேகஸ் கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, அங்கே பெருந்தமனியின் வளைவைச் சுற்றி ஒரு கிளையைத் திரும்ப மேலே அனுப்புகிறது. அதுதான் குரல்நாணை அசைக்கிறது. சில அங்குலத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம், மார்பு வரை போய்த் திரும்புகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இதே நரம்பு மீட்டர் கணக்கில் வீண்சுற்றுச் சுற்றுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் காலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருக்கும் பன்றியின் இந்த நரம்பைச் சபையறியக் கட்டி, சத்தம் சட்டென்று நிற்பதைக் காட்டினார். சுற்று எப்படி வந்தது என்பதற்கு விடை பின்னாளில்தான் கிடைத்தது. மீன் போன்ற மூதாதையின் உடலில் குறுக்குவழியாக இருந்த பாதை, கழுத்து நீண்டு இதயம் கீழிறங்கியபோது தமனியில் மாட்டிக்கொண்டது. நரம்பின் வழி இப்படி நேர்ந்துபோன வழி. யாரும் அர்த்தம் வைத்துப் போட்டதல்ல. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தாமரைக்கு வருவோம்.

விசுத்திக்குப் பதினாறு இதழ். கழுத்து நரம்புகள் எட்டு ஜோடி என்றதும், எட்டிரண்டு பதினாறு என்று யாராவது துள்ளக்கூடும். துள்ளல் நியாயமாகக்கூடத் தோன்றும். மணிபூரகத்தின் பத்து இதழுக்கு இடுப்பு நரம்புகள் ஐந்து ஜோடி, ஐயிரண்டு பத்து. ஆனால் நடுவில் இருக்கும் அனாகதத்துக்குப் பன்னிரண்டு இதழ். நெஞ்சு நரம்புகள் பன்னிரண்டு ஜோடி, அதாவது இருபத்துநான்கு. கழுத்தில் ஒற்றை ஒற்றையாக எண்ணியவர் நெஞ்சுக்கு வந்ததும் ஜோடியாக எண்ணவேண்டும். சுவாதிட்டானத்தின் ஆறும் மூலாதாரத்தின் நான்கும் எப்படி எண்ணினாலும் வருவதில்லை. திரிக எலும்பு நரம்புகள் ஐந்து ஜோடி, வால் எலும்பு நரம்பு ஒரே ஜோடி. இதற்கு மாறாக, இதழ்களின் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதை நூல்களே ஒளிவுமறைவில்லாமல் சொல்கின்றன. 1577-இல் பூர்ணானந்தர் எழுதிய ‘ஷட்சக்ர நிரூபணம்’தான் உட்ராஃப் மொழிபெயர்த்த மூலம். அதில் ஒவ்வோர் இதழிலும் ஓர் எழுத்து இருக்கிறது. விசுத்தியின் பதினாறு இதழில் வடமொழியின் பதினாறு உயிரெழுத்துகள். அடுத்து அனாகதத்தில் ககரம் தொடங்கிப் பன்னிரண்டு மெய்கள். அதன் கீழே பத்து, அதன் கீழே ஆறு, அடியில் நான்கு. மிஞ்சிய இரண்டு எழுத்துகள் புருவ மத்தியில். கூட்டினால் ஐம்பது, வடமொழி நெடுங்கணக்கு முழுவதும். அரிச்சுவடி தொண்டையில் ஆரம்பித்து வரிசை பிசகாமல் கீழே இறங்குகிறது. ஒலி பிறக்கும் இடத்தில் உயிரெழுத்துகளை வைத்தவர்கள் செய்தது மொழியை உடம்பில் ஏற்றும் வேலை. நரம்பை எண்ணிய தடயம் அதில் ஓரிடத்திலும் இல்லை.

ஒரு பொருளைப் பலர் பார்த்து வரைந்தால் படங்கள் காலப்போக்கில் ஒன்றை ஒன்று நெருங்கும். இங்கே நடந்தது எதிர்மாறு. பௌத்தர்களின் ஹேவஜ்ர தந்திரத்தில் சக்கரங்கள் மொத்தமே நான்கு. தொண்டையில் பதினாறு இதழ், இதயத்தில் எட்டு, தலையில் முப்பத்திரண்டு, தொப்புளில் அறுபத்துநான்கு. திருமூலர் ஆறு ஆதாரம் சொல்வார். லெட்பீட்டர் சுவாதிட்டானத்தைத் தள்ளிவிட்டு மண்ணீரலை அந்த இடத்தில் உட்காரவைத்தார். நரம்பாகப் பார்த்தவர்களும் உடன்படவில்லை. சீலுக்கு விசுத்தி மூளையின் அடித்தண்டோரம், லெட்பீட்டருக்குத் தொண்டைக்குழிப் பின்னல், இன்று பலருக்கு அது தைராய்டு சுரப்பி. சுரப்பிக்கும் நரம்புப் பின்னலுக்கும் உறவே தூரம். குண்டலினி விஷயத்தில் யோக மரபுக்குள்ளேயே ஒருமை இல்லை. 1950களிலிருந்து 1989-இல் மறையும்வரை சென்னையில் வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாசார்யர், யோக யாக்ஞவல்கியத்தை ஆதாரமாகக் கொண்டு, குண்டலினி என்பது எழுப்பவேண்டிய சக்தி அல்ல, பிராணன் போகும் வழியை மறிக்கும் தடை என்று கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் அதை எழுதியும் வைத்திருக்கிறார். ரேலே சொன்னபடி அது வேகஸ் நரம்பானால், ஒரு மரபு எழுப்பச் சொல்வதும் இன்னொரு மரபு தடையென்று எரிக்கச் சொல்வதும் ஒரே நரம்பையா? நரம்பு என்று கொண்டால் இது அபத்தம். சாதகனுடைய அனுபவத்தை ஒழுங்குபடுத்தும் இரண்டு முறைகள் என்று கொண்டால் இதில் சிக்கலே இல்லை.

சக்கரம் வேறு, நரம்பு வேறு என்பதை மரபு அறியாமல் இருந்ததா? இல்லை. கழுத்தைப் பற்றி அதனிடம் இன்னொரு கணக்கு இருந்தது. அதை வைத்தியர்கள் வைத்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை கழுத்தின் வர்மங்களைச் சொல்லும்போது, மூச்சுக்குழலின் இருபுறமும் நீலா இரண்டு, மன்யா இரண்டு என்கிறது. அங்கே அடிபட்டால் பேச்சு போகும், குரல் மாறும், நாக்கில் ருசி தெரியாது என்று விளைவையும் சொல்கிறது. கழுத்துக் காயம் குரலை எப்படி மாற்றும் என்று தமிழ்நாட்டுக்கு விளக்க வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டடி பட்ட எம்.ஜி.ஆரின் பழைய குரல் திரும்பவே இல்லை என்பதை ஊரே கேட்டது. அதே சுசுருதர், பிணத்தைக் கூண்டில் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவு ஊறப்போட்டு, பிறகு தோலை மெல்லச் சுரண்டி உள்ளே பார்க்கவேண்டும் என்று வைத்திய மாணவனுக்கு விதிக்கிறார். அவர் பட்டியலில் தாமரையும் இல்லை, இதழும் இல்லை. யோக நூலில் நீலாவும் மன்யாவும் இல்லை. ஒரே உடம்புக்கு இரண்டு ஏடுகள். காயத்துக்கு ஒன்று, தியானத்துக்கு ஒன்று. ஒன்றை மற்றொன்றாகப் படிக்கவேண்டும் என்று அந்த நாளில் யாருக்கும் தோன்றவில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆசை. ஆள்பவனின் மருத்துவக் கல்லூரியிடம் நமக்கும் ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்ற தவிப்பு.

அந்தத் தவிப்புக்கு மறுபக்கமும் உண்டு. தயானந்த சரஸ்வதி தம் வரலாற்றை ‘தியாசபிஸ்ட்’ இதழில்தான் எழுதினார். அது பம்பாயில் வெளிவந்துகொண்டிருந்த ஆரம்ப வருஷங்கள். 1850களில் கங்கைக் கரையோரம் அலைந்தபோது ஹடயோக ஏடுகள் சிலவற்றைக் கையில் வைத்திருந்தார். அவற்றிலுள்ள நாடி வர்ணனையில் சந்தேகம். ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வந்தது. இறங்கிப்போய் இழுத்து வந்து, கத்தியால் அறுத்து, இதயத்தையும் தலை, கழுத்துப் பகுதிகளையும் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. ஏடுகளைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றிலேயே விட்டார். அந்தத் துணிச்சலை மதிக்காமல் இருக்க முடியாது. கைக்குக் கிடைத்த சாட்சியத்தை நேராகக் கேட்டவர் அவர். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கவனிக்கவேண்டும். பிணத்தில் இருந்தால் மெய், இல்லாவிட்டால் பொய். லெட்பீட்டரின் பட்டியலுக்கு அடியில் இருப்பதும் இதே கேள்விதான். அவர் ‘இருக்கிறது’ என்று பதில் எழுதினார், தயானந்தர் ‘இல்லை’ என்று ஏட்டைக் கிழித்தார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அந்தத் தீர்ப்பாயத்துக்கு இந்த வழக்கில் அதிகாரம் உண்டா என்று இருவரும் கேட்கவில்லை.

இங்கே யோகாசிரியர் ஒருவர் குறுக்கிடலாம். நாடியும் சக்கரமும் நரம்பில்லை என்றால், பயிற்சி செய்தால் உடம்பில் மாற்றம் தெரிகிறதே, அது எப்படி? முகவாயை மார்பில் பதித்து ஜாலந்தர பந்தம் போட்டால் நாடித்துடிப்பு மாறுகிறது. மூச்சை நீளமாக விட்டால் மனம் அடங்குகிறது. உண்மைதான், காரணமும் தெரிந்ததுதான். கழுத்தின் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் ஒரு புடைப்பு இருக்கிறது. அங்கே அழுத்தம் கூடினால் ஒன்பதாம் மண்டை நரம்பு செய்தி கொண்டுபோகும். வேகஸ் இதயத்தை நிதானப்படுத்தும். மூச்சை விடும்போது துடிப்பு சற்றுக் குறைவதும் வேகஸின் வேலை. ஆனால் ஒரு பயிற்சி நரம்பைப் பாதிக்கிறது என்பதிலிருந்து, அதைக் கற்பித்த நூல் நரம்பைத்தான் வர்ணித்தது என்ற முடிவு வராது. மிளகு ரசம் மூக்கடைப்பைத் திறக்கிறது என்பதற்காகச் சமையல் குறிப்பு மூக்கின் உடற்கூறு ஆகிவிடுவதில்லை. இதயத்தையே நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட யோகிகளை வெங்கர், பக்சி, ஆனந்த் மூவரும் சோதித்து 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படாமல் போகலாம். ஆனால் இதயம் நிற்கவில்லை என்று மின்பதிவு காட்டியது. திறமை மெய், அதற்குச் சொன்ன விளக்கம் பிழை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் யோகத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கூர்மையானது. கத்திக்கு அகப்படாதது என்றால் சக்கரம் வெறும் கற்பனை என்றுதானே ஆகிறது? இதற்கு விடை சொல்ல அந்த ஃப்ரெனிக் நரம்பே உதவுகிறது. உதரவிதானத்தின் அடியில் ரத்தமோ சீழோ சேர்ந்தால், நோயாளி தோள்பட்டையின் நுனி வலிக்கிறது என்பார். தோளில் ஒன்றுமே இராது. மூன்று, நான்காம் கழுத்து நரம்புகள் தோளின் தோலுக்கும் உதரவிதானத்துக்கும் பொது என்பதால் மூளை இடத்தை மாற்றிப் படித்துவிடுகிறது. வலி பொய்யா? இல்லை. வலிக்கும் இடம் மட்டும் கத்தி காட்டும் இடமில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களுக்கு இல்லாத கை வலிப்பதை ஆராய்ந்தவர். கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலில் ஸ்பரிசம் தெரிவதைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்து அந்த வலியைச் சிலருக்குத் தணித்தும் காட்டினார். நாம் வாழும் உடம்பு உணர்ந்து வாழும் உடம்பு. அதற்கென்று ஒரு வரைபடம் உண்டு. அது மேசைமேல் கிடத்திய உடம்பின் வரைபடத்தோடு அங்குலத்துக்கு அங்குலம் பொருந்தவேண்டிய கட்டாயமில்லை. இதைச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ராமச்சந்திரனின் சோதனைகள் விசுத்தியை நிரூபிக்கவில்லை. அவற்றை அப்படிப் பயன்படுத்தினால், நரம்புப் பின்னலை விட்டுவிட்டு மூளைப் புறணியில் போய்க் கடன் வாங்கியதாகவே ஆகும். அவை காட்டுவது இவ்வளவே: பிணத்தில் இல்லை என்பதால் மட்டும் ஓர் உடலனுபவம் பொய்யாகிவிடாது.

அப்படியானால் அந்தப் பதினாறு இதழ் எதற்கு? நூல்கள் சொல்லும் வழியிலேயே பார்த்தால், அது செய்வதற்கு. நியாசத்தில் விரலால் உடம்பைத் தொட்டு எழுத்துகளை வைக்கிறார்கள். தியானத்தில் கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்திப் பிறகு நகர்த்துகிறார்கள். தெய்வத்தைக் கும்பிடும் உடம்பே முதலில் கும்பிடத் தகுந்த இடமாக ஆகவேண்டும் என்பது அதன் கருத்து. நரம்பு கண்டுபிடிக்கப்படுவது, சக்கரம் சமைக்கப்படுவது, ஒவ்வொரு நாளும் அவரவர் கவனத்தால். தொண்டைக்குச் சைவம் கொடுத்த பொருளும் இப்படிப்பட்டதுதான். நஞ்சு கீழே இறங்கவும் இல்லை, வெளியே உமிழப்படவும் இல்லை, கண்டத்தில் நின்றது. எந்தப் பின்னல் அதை நிறுத்தியது என்று கபாலீசுவரர் கோயிலில் யாரும் கேட்பதில்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் மாடவீதியில் அறுபத்து மூவர் வரும்போது, அந்தக் கண்டத்தின் பெயரையே பெயராகக் கொண்ட ஒரு குயவரும் வருகிறார். கணவர் பரத்தையிடம் போய்வந்ததை அறிந்த மனைவி, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, எங்களைத் தீண்டாதீர் என்றாள். ‘என்னை’ என்னாமல் ‘எங்களை’ என்று வந்துவிட்டதால், பெண்ணினம் முழுவதையுமே மனத்தாலும் தீண்டுவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். இருவரும் ஒரே வீட்டில், ஊர் அறியாமல், கிழப்பருவம் வரை அந்தச் சொல்லைக் காத்தார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். ஒரு தெய்வத்தின் தொண்டையைச் சொல்லி விடுத்த சொல் இரண்டு ஆயுளை நடத்தியது. கழுத்துப் பின்னலின் எல்லாக் கிளைகளையும் மனப்பாடமாகச் சொல்பவருக்கும் இந்தக் கதையின் மெய்யைச் சோதிக்க அந்த அறிவு உதவாது, பொய்யாக்கவும் உதவாது.

சரி, நரம்பு என்று சொல்வதால் நாலு பேர் யோகத்தின் பக்கம் வருகிறார்கள். அதில் என்ன குற்றம் என்று கடைசியாகக் கேட்கலாம். இரண்டு குற்றம். ஒன்று, அது ஆளைக் காயப்படுத்தும். குரல் கம்மிப்போனவரிடம், பேசவேண்டியதைப் பேசாமல் அடக்கியதால் விசுத்தி அடைத்துக்கொண்டது என்று சொல்வது இன்று சகஜம். இடது குரல்நாண் நரம்பு மார்பு வரை போய்த் திரும்புவதால், நுரையீரலில் வளரும் கட்டி முதன்முதலில் குரல் கம்மலாகவே தலைகாட்டக்கூடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியாவிட்டால் பார்க்கவேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டரை. விசுத்தியைத் திறப்பதில் கழியும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சைக்கு நஷ்டம். கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிந்த முதியவருக்கு, வேகஸைத் தூண்டுகிறோம் என்று கழுத்தை அழுத்துவது பக்கவாதத்திலும் போய் முடியலாம். மற்றொன்று, அது நம்பிக்கையை வாடகை வீட்டில் குடிவைக்கிறது. உடற்கூறியல் தன் நூலை நாளையே திருத்தும். திருத்துவதுதான் அதன் கண்ணியம். வேகஸ் பற்றி இன்று சொல்வதை நாளைக்கு மாற்றிச் சொன்னால், அதன்மேல் கட்டிய விசுத்தியும் கூடவே சரியும். லெட்பீட்டரின் பட்டியல் இன்று உடற்கூறியல் வகுப்பிலும் இல்லை, நியாசம் செய்பவரின் கையிலும் இல்லை. அட்டைப்படங்களில் மட்டும் வாழ்கிறது.

ஆகவே கேள்வியை இடம் மாற்றவேண்டியிருக்கிறது. சக்கரம் எந்த நரம்பு என்பதற்குப் பதில், எந்த நரம்பும் இல்லை. அது இருக்கிறதா என்று கேட்பதைவிட, அதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன ஆனார் என்று கேட்பதே அதற்குரிய சோதனை. தொண்டையில் கவனத்தை வைத்துப் பழகியவரின் சொல் கொஞ்சம் உண்மையாயிற்றா, உமிழவேண்டாத நஞ்சை உமிழாமல் நிறுத்தப் பழகினாரா, கொடுத்த வாக்கு நின்றதா? இந்தச் சோதனை ஸ்கேன் சென்டரில் எடுக்கும் எந்தச் சோதனையையும்விடக் கடுமையானது. பலர் தோற்பதும் இதில்தான். நரம்பின் பெயரைச் சொல்லி விசுத்தியை நிரூபித்துவிட்டோம் என்ற திருப்தி, இந்தத் தேர்வை எழுதாமலே பாஸாகிவிடச் சுலபமான வழி. கழுத்தை டாக்டரிடம் காட்டுவோம். சொல்லுக்கு நாமே கணக்குக் காட்டுவோம்.